ஓடை மின்சாரத்துக்கு எத்தனை அம்பியர் பிரேக்கர்?

கேள்வி: எங்கள் ஊர் ஓடையில் 5 கிலோவாட், ஒற்றை ஃபேஸ், 230 வோல்ட் மின்பிறப்பாக்கி பூட்டியிருக்கிறோம். வீடுகளுக்குப் போகும் லைனில் 32 அம்பியர் பிரேக்கர் போட்டால் அடிக்கடி விழாது என்கிறார்கள். போடலாமா?
– வாசகர், பதுளை

பதில்: வேண்டாம். 5000ஐ 230ஆல் வகுத்தால் ஏறக்குறைய 22 அம்பியர். 32 அம்பியர் பிரேக்கர் விழுமுன் மின்பிறப்பாக்கியின் சுருள் வெந்துவிடும். 20 அம்பியர் போடுங்கள். வயரும் அதைத் தாங்க வேண்டும்.

அம்பியரைவிட வகை முக்கியம். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ‘சி’ வகை உடனே விழ 5 முதல் 10 மடங்கு மின்னோட்டம் வேண்டும். ஷார்ட் ஆனால் பொது மின்கம்பி அதைத் தாராளமாகத் தரும். சிறிய மின்பிறப்பாக்கியோ சில மடங்கு தந்து சட்டென்று தளர்ந்துவிடும். ‘பி’ வகைக்கு 3 முதல் 5 மடங்கு போதும். அதையே கேட்டு வாங்குங்கள்.

பிரேக்கர் விழுந்தாலும் தண்ணீர் நிற்காது. சுமையற்ற டர்பைன் ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் ஓடும், வோல்டேஜும் எகிறும். ஆகவே மிஞ்சும் மின்சாரத்தை எரிக்கும் ஹீட்டரையும் அதன் கட்டுப்படுத்தியையும் பிரேக்கருக்கு முன்பே, மின்பிறப்பாக்கியின் பக்கம் இணையுங்கள். ஹீட்டர் 6 கிலோவாட் இருக்கட்டும். அது பழுதானால் வீடுகளைத் துண்டிக்க மிகைவோல்டேஜ் ரிலே ஒன்றும் அவசியம்.

உயிர் காக்க 30 மில்லி அம்பியர் ஆர்சிடி (மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் கருவி) வையுங்கள். மின்பிறப்பாக்கியருகே நியூட்ரலை எர்த் செய்யாவிட்டால் அது வேலை செய்யாது.