சான்று காட்டுவது யார் கடமை?

வியத்தகு செய்தி ஒன்றைக் கூறுபவரிடம் ஆதாரம் கேட்டால், "இல்லை என்று நீ நிரூபித்துக் காட்டு" என்று சொல்வதைக் கேட்டிருப்போம். இது முறையன்று. சான்று காட்டும் பொறுப்பு கூறுபவருடையதே. கூற்று எவ்வளவு அரியதோ, சான்றும் அவ்வளவு உறுதியாக இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பசு கன்று ஈன்றது என்றால் உடனே நம்புகிறோம். அக்கன்று பேசிற்று என்றால் நம்புவோமா?

இவ்வாறு கேட்பது இறைநம்பிக்கைக்கு மாறானது என்று சிலர் எண்ணுவர். திருச்சபையின் வழக்கமோ வேறு. 1858-இல் பிரான்சு நாட்டின் லூர்து நகரில், 14 வயதுச் சிறுமி பெர்னதெத் தான் கண்ட காட்சியைக் கூறியபோது, பங்குத்தந்தை பெய்ராமால் அடையாளம் கேட்டார். ஆயர் லொரான்சு விசாரணைக் குழு அமைத்து, 1862-இல்தான் தம் முடிவை அறிவித்தார்.

அங்கு நோய் நீங்கியதாகக் கூறுவோரை ஆராய, 1883-இல் மருத்துவ அலுவலகம் ஏற்பட்டது. எச்சமயத்தைச் சார்ந்த மருத்துவரும் இவ்வாய்வில் கலந்துகொள்ளலாம். பின்னாளில் திருத்தந்தை 14-ஆம் பெனடிக்ட் ஆன லம்பெர்த்தீனி, 18-ஆம் நூற்றாண்டில் வகுத்த விதிகளே இதற்கு அடிப்படை. நோய் கடுமையானதா? தானே தீரக்கூடியதா? மருந்தினால் தீர்ந்ததா? குணம் திடீரென்றும் முழுமையாகவும் ஏற்பட்டதா? அது நீடித்ததா?

இதுவரை 7,000-க்கும் மேற்பட்டோர் குணமடைந்ததாகத் தெரிவித்துள்ளனர். 70-ஆவது புதுமை ஏற்கப்பட்டது 2018-இல்தான். அது 2008-இல் குணமடைந்த ஒரு துறவியைப் பற்றியது. குணமடைந்து ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழிந்த பின்னரே அறிவிப்பு வந்தது!

இங்கே இரண்டு கருத்துகளை மனத்திற் கொள்ளல் வேண்டும். சான்று போதவில்லை என்பதால் கூறியவர் பொய்யர் ஆகிவிடமாட்டார். அவர் கூற்று இன்னும் உறுதிப்படவில்லை என்பதே பொருள். அவ்வாறே, காரணம் தெரியவில்லை என்பது மட்டும் புதுமைக்குச் சான்றாகாது. மருத்துவர்கள் "எங்கள் அறிவுக்கு விளக்கம் இல்லை" என்பதோடு நின்றுவிடுவர்; புதுமை என அறிவிப்பவர் ஆயரே.

இம்முறை நம் இல்லங்களுக்கும் தேவை. "இப்பொடியைத் தின்றால் சர்க்கரை நோய் அடியோடு போகும், ஊசியை நிறுத்திவிடுங்கள்" என்று ஒருவர் சொல்லலாம். அதை நம்பி இன்சுலினை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். குணமடைந்தவர் யார்? அவருக்கு அந்நோய் இருந்ததை உறுதிசெய்த மருத்துவர் யார்? வேறு மருந்து உட்கொண்டாரா? நலம் நீடித்ததா? இவற்றைப் பணிவோடு கேட்போம். விடை கூற வேண்டியவர் விற்பவரே. நோயுற்ற நம் பாட்டியல்லர்.

உண்மை ஆராய்ச்சிக்கு அஞ்சுவதில்லை. தோழியரே, கேட்கத் தயங்காதீர்கள்!