ஆர்சி வாங்குமுன் ஆர்.சி. பார்க்க வேண்டிய தம்பிக்கு

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள தம்பிக்கு,

ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் பைக் என்ற பெயரில் கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் இரண்டாம் கை விலைக்கு வருபவற்றுள் பெரும்பாலானவை ஐரோப்பாவின் மண்ணை மிதித்தவை அல்ல என்பதைத் தெரிந்துகொண்டால், எதை வாங்கலாம், எதைத் தொடக்கூடாது என்ற கேள்வியில் பாதி தீர்ந்துவிடும். ஆஸ்திரியாவின் மாட்டிக்ஹோஃபன் என்ற சிற்றூரைத் தாயகமாகக் கொண்ட கேடிஎம் நிறுவனத்தில் 2007ஆம் ஆண்டிலேயே பங்கு வாங்கிய பஜாஜ், புனேவை அடுத்த சாக்கனில் உள்ள தன் ஆலையில் அவ்வண்டிகளைத் தயாரித்து, 2012இல் 200 டியூக்கையும், 2013இல் 390 டியூக்கையும், 2014இல் ஆர்சி 200, ஆர்சி 390 ஆகியவற்றையும் இந்தியச் சந்தையில் இறக்கியது. பிஎம்டபிள்யூவும் டிவிஎஸ்ஸும் 2013இல் செய்துகொண்ட உடன்பாட்டால் ஓசூரில் உருவான 310 சிசி இன்ஜின், 2017 இறுதியில் அப்பாச்சி ஆர்ஆர் 310 ஆகவும், 2018இல் பிஎம்டபிள்யூ ஜி 310 ஆர் ஆகவும், 2022இல் ஜி 310 ஆர்ஆர் ஆகவும் சாலைக்கு வந்தது. இதைக் குறையாகப் பேசுவோர் உண்டு. உண்மையில் கடலூரில் ஒருவர் இத்தகைய வண்டியை வைத்து ஆள முடிவதற்கே இதுதான் காரணம். பிரேக் பேடும் கிளட்ச் பிளேட்டும் கப்பலில் வந்தாக வேண்டிய நிலை இருந்தால், மாதச் சம்பளக்காரர் எவரும் இப்பேச்சையே எடுக்க முடியாது.

முழுதும் இறக்குமதியான பெரிய வண்டிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டுகாட்டியின் பெரும்பாலான இன்ஜின்களில், வால்வை மூடும் வேலையை ஸ்பிரிங்கிடம் விடாமல் தனி நெம்புகோலைக் கொண்டே மூடும் டெஸ்மோட்ரோமிக் என்ற அமைப்பு உள்ளது. 1950களில் ஃபாபியோ தால்யோனி என்ற பொறியாளர் அந்நிறுவனத்துக்குள் கொண்டுவந்த அந்த அமைப்பு அழகானதுதான் என்றாலும், அதன் இடைவெளியைச் சரிபார்க்கத் தேர்ந்த கையும் தனிக் கருவியும் வேண்டும் என்பதால், பணிமனை இருக்கும் பெருநகரத்தில் வாழாதவருக்கு அது பொருந்தாது.

ஆகவே, சிறிய 200களை விட்டால், மிஞ்சுவது 390, 310 ஆகிய இரு குடும்பங்களே. 390 குடும்பத்தின் 373 சிசி ஒற்றை சிலிண்டர் இன்ஜின் தரும் ஆற்றல் சுமார் 43 குதிரைத்திறன். ஊரெங்கும் ஓடும் ஸ்ப்ளெண்டர் தருவது சுமார் 8. ஐந்து மடங்கு என்ற இந்த வேறுபாட்டைக் கடையில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. இதே இன்ஜினைக் கொண்ட டியூக்குக்கும் ஆர்சிக்கும் இடையிலான முதன்மையான வேறுபாடு உட்காரும் விதத்தில் இருக்கிறது: ஆர்சியில் காற்றைக் கிழிப்பதற்கான ஃபேரிங் என்னும் உறையும், முன் ஃபோர்க்கையே நேராகக் கவ்வியிருப்பதால் கிளிப்-ஆன் என அழைக்கப்படும் தாழ்ந்த கைப்பிடியும் இருப்பதால், ஓட்டுபவரின் உடற்பாரம் மணிக்கட்டில் இறங்குகிறது. சுமார் 45 கிலோமீட்டர் கொண்ட கடலூர்–சிதம்பரம் சாலையில் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் பகுதிகளில் இந்த அமர்வு இன்பமாகவே இருக்கும். அதே வண்டி சிதம்பரத்தின் கீழ வீதியிலும் தெற்கு வீதியிலும் திருவிழாக் கூட்டத்துக்கு நடுவே முதல் கியரில் ஊரும்போது, கை வலிப்பதோடு, ரேடியேட்டர் விசிறி தள்ளும் அனல் தொடையில் படுவதும் தவிர்க்க முடியாததாகிறது. தாயையோ மனைவியையோ பின்னால் ஏற்றிச் செல்லும் தேவை வாரத்தில் ஒருநாள் இருந்தாலும், ஆர்சியின் உயர்ந்த சிறு பின்னிருக்கை புடவை கட்டியவர் ஏறி உட்காரத் தக்கதன்று என்பதால், டியூக்கோ ஜி 310 ஆரோ எடுப்பதே அறிவுடைமை.

வண்டி எது என்று முடிவான பின், இக்கடற்கரையில் வாங்குபவர் முதலில் தேட வேண்டியது மைலேஜையும் அல்ல, வேகத்தையும் அல்ல. தண்ணீர் தொட்ட அடையாளத்தை. அடுத்தடுத்த இரு நாட்களில் வந்த இரு கவலைகளுள் இரண்டாவதே இதற்குக் காரணம். 2024 நவம்பர் 29 அன்று கேடிஎம் நிறுவனம் கடன் சுமையால் ஆஸ்திரிய நீதிமன்றத்தில் மறுசீரமைப்புக்கு விண்ணப்பித்தபோது, உதிரிபாகம் நின்றுவிடுமோ என்ற கவலை இங்கும் எழுந்தது. பஜாஜின் பணம் உள்ளே போனது, சாக்கன் வண்டிகள் தொடர்ந்து வந்தன, கவலை அடங்கியது. மறுநாளான நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரைகடந்த ஃபெஞ்சல் புயலும், அதைத் தொடர்ந்து சாத்தனூர் அணை திறக்கப்பட்டதால் பெருகிவந்த தென்பெண்ணையும் கடலூரின் ஆற்றோரக் குடியிருப்புகளில் நின்ற வண்டிகளுக்குச் செய்ததோ அப்படி அடங்கக்கூடியது அன்று. வெள்ளம் என்பது இம்மாவட்டத்துக்கு 2015லும் வந்ததே. ஆயினும் இன்று விலைக்கு வரும் வண்டிகளின் வயதைக் கணக்கிட்டால், அஞ்ச வேண்டியது ஃபெஞ்சலில் மூழ்கி எழுந்தவற்றையே.

நீர் புகுந்த இன்ஜினை உடனே ஸ்டார்ட் செய்தால், காற்றைப் போல் அமுங்காத நீர் பிஸ்டனைத் தடுக்க, கனெக்டிங் ராடு வளைந்துவிடும்; அவ்வாறு நேராமல் தப்பிய வண்டியிலும், எரிபொருளையும் தீப்பொறியையும் ஆளும் ஈசியு என்ற மின்னணுப் பெட்டியும், அதனுடன் சேரும் சிறு மின்முனைகளும் பல மாதங்கள் கழித்தே கெடத் தொடங்கும். கழுவி, பாலிஷ் போட்டு, புது ஸ்டிக்கர் ஒட்டி நிறுத்தப்பட்ட வண்டியில் இதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. இருக்கையைச் சாவி போட்டுக் கழற்றி, பேட்டரிக்கு அடியிலும் ஃபியூஸ் பெட்டியின் மூலைகளிலும் டார்ச் அடித்துப் பார்த்தால், எவ்வளவு கழுவினாலும் போகாத மெல்லிய வண்டல், காய்ந்த குளத்தின் அடித்தரையைப் போல வெடித்த ஓடாக ஒட்டியிருக்கும். கையில் எட்டும் வயர் கப்ளர் ஒன்றைப் பிரித்தால், செம்பின் மேல் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். முகப்பு விளக்கின் கண்ணாடிக்கு உட்புறம் நீர்க்கோடு தெரியும். இவற்றுள் ஒன்று இருந்தாலும் பேரம் பேசாமல் திரும்பிவிடுவதே முறை. சர்வீஸ் ரசீதுகளில் 2024 டிசம்பரிலிருந்து அடுத்த பொங்கல் முடியும் வரையிலான பக்கங்களைத் தனியே புரட்டிப் பார்ப்பதும், அப்போது வயரிங் முழுவதும் மாற்றப்பட்டிருந்தால் ஏன் என்று கேட்பதும் நல்லது.

வெள்ளம் ஒருநாள் வருவது; உப்புக்காற்று அன்றாடம் வருவது. தேவனாம்பட்டினம், தாழங்குடா, பரங்கிப்பேட்டை போன்ற கடலோர ஊர்களில் திறந்த வெளியில் நின்ற வண்டியின் அலுமினியப் பாகங்களில் திருநீறு பூசியது போல வெண்பொடி படர்ந்திருக்கும். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் நகம் பட்டாலே உதிரும். முன் ஃபோர்க்கின் பளபளப்பான குழாயில் குத்துப்புள்ளிகள் விழுந்து, அவை எண்ணெய்ச் சீலை அறுக்க, சீல் மாற்றிய மூன்றாம் மாதமே மறுபடியும் எண்ணெய் கசியும். ஆகவே, அதே விலைக்குக் கடலோரத்து வண்டி ஒன்றும் விருத்தாசலம் பக்கத்து வண்டி ஒன்றும் கிடைத்தால், சிறிது அதிகம் ஓடியிருந்தாலும் பின்னதே மேல்.

விழுந்த வண்டியை அறிவதற்கு ஃபேரிங்கைப் பார்த்துப் பயனில்லை, அது மாற்றப்பட்டிருக்கும். கைப்பிடியின் முனை, கிளட்ச் லீவரின் நுனி, கால்மிதியின் வெளிவிளிம்பு ஆகிய மூன்றும் ஒரே பக்கத்தில் தேய்ந்திருந்தால் வண்டி அப்பக்கம் சறுக்கியிருக்கிறது; கைப்பிடி அதற்கு மேல் திரும்பாமல் தடுக்க ஃபிரேமில் உள்ள சிறு முட்டு நசுங்கியிருந்தால், அது வெறும் சறுக்கல் அன்று, முன்சக்கரம் எதிலோ மோதியிருக்கிறது. முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவைத்து, கைப்பிடியை இரு விரலால் மெல்லத் திருப்பும்போது நேர்கோட்டில் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் நின்றால், மெக்கானிக்குகள் கோன் செட் என்று சொல்லும், கைப்பிடித் தண்டைத் தாங்கும் பேரிங் போய்விட்டது என்று பொருள். பின் ஸ்பிராக்கெட்டின் கடைக்கோடியில் செயினைப் பிடித்து வெளியே இழுக்கும்போது பல் பாதிக்குமேல் தெரிந்தால் செயின் செட்டுக்கான செலவு வாசலில் நிற்கிறது. டயரின் பக்கவாட்டில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிப்பதால், 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. பட்டன் தேயாமல் இருந்தாலும் அந்த ரப்பர் கல்லாகியிருக்கும்.

இனி மற்றொரு ஆர்.சி., அதாவது பதிவுச் சான்று. இப்பகுதியில் டிஎன் 31 கடலூரையும், டிஎன் 91 சிதம்பரத்தையும் குறிக்க, பக்கத்திலேயே இருக்கும் புதுச்சேரியின் பிஒய் 01 வண்டிகளும் தாராளமாக விலைக்கு வருகின்றன. வேற்றுப் பதிவு வண்டியைத் தமிழ்நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருப்பவர் இங்கு மறுபதிவு செய்தாக வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவு கூறுவதால், படிவம் 28 வழியே பெறும் தடையின்மைச் சான்றும், இங்குக் கட்ட வேண்டிய சாலை வரியும் சேர்ந்தபின் அந்தக் குறைந்த விலை குறைந்ததாக இருப்பதில்லை. தவணையில் எடுத்த வண்டியாயின், கடன் முடிந்ததற்கான கடிதமும் படிவம் 35உம் கையில் வந்து, ஆர்.சி.யில் ஹெச்.பி. என்ற குறிப்பு நீங்கிய பிறகே முழுப்பணம் தர வேண்டும். படிவம் 29, 30 ஆகியவற்றில் விற்பவரிடம் வெறும் கையெழுத்து மட்டும் வாங்கி, பெயரை மாற்றாமலே கைமாறி ஓடும் வண்டிகள் பல உள்ளன. விபத்து இழப்பீட்டு வழக்கில் பதிவேட்டில் பெயர் உள்ளவரே உரிமையாளராகக் கருதப்படுவார் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொன்ன பின்னும் இப்பழக்கம் நீடிப்பது வியப்பே. இன்சூரன்ஸிலும் ஒரு நுட்பம் உண்டு: மூன்றாம் நபர் காப்பு வாங்குபவருக்குத் தானே மாறிவிடும், வண்டியின் சொந்தச் சேதத்துக்கான காப்போ 14 நாளுக்குள் விண்ணப்பித்துப் பெயர் மாற்றினால்தான் கைகொடுக்கும். பழைய உரிமையாளரின் நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும். அது வண்டிக்கு உரியதன்று.

350 சிசியைத் தாண்டிய புதிய பைக்குகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 40 விழுக்காடாக உயர்ந்ததைக் காட்டிப் பழைய 390க்கும் விலை ஏற்றிச் சொல்வோர் இருப்பர். வண்டி தேய்ந்தது அரசின் வரியால் அன்று என்று பதில் சொல்லலாம். கையில் நூறு ரூபாய் இருந்தால் எழுபதுக்கே வண்டி பார்த்து, மீதி முப்பதை டயர், செயின் செட், கூலன்ட், பிரேக் ஆயில், நல்ல ஹெல்மெட், கையுறை ஆகியவற்றுக்கென ஒதுக்காதவர், வாங்கிய ஆறாம் மாதம் விற்பவராகிறார். சந்தையில் ஒரே உரிமையாளரிடம் இருந்த வண்டிகள் குறைவாகவும், ஆண்டுக்கு ஒருவர் கை மாறியவை நிறையவும் இருப்பதற்குக் காரணம் வண்டியின் கோளாறு அன்று, இந்தக் கணக்குத் தவறியதே.

ஓட்டத் தொடங்கியபின் கவனிக்க வேண்டியவை ஊருக்கு ஊர் வேறுபடும். புவனகிரி, சேத்தியாத்தோப்புப் பக்கம் நடவுக் காலத்தில் டிராக்டர் சக்கரம் இழுத்துவரும் சேறும், அறுவடையில் சாலையோரம் காயும் நெல்லும், மாசி பங்குனியில் வண்டிச் சக்கரத்தில் மிதிபடுவதற்கென்றே பரப்பப்படும் உளுந்துச் செடியும் அகன்ற ஸ்போர்ட்ஸ் டயருக்குச் சோப்பு நுரைக்கு ஒப்பானவை. அங்கே ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்குமே தவிர, இல்லாத பிடிப்பை உண்டாக்கித் தராது. கடற்கரைக்குப் போய்வந்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவி, உலர்ந்தபின் செயினுக்கு எண்ணெய் இடுவது ஐந்து நிமிட வேலை. சைலன்சரை மாற்றிச் சத்தம் கூட்டும் ஆசையைப் பொறுத்தவரை, தயாரிப்பாளர் தந்த அடிப்படை அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியிருப்பதும், அவ்வாறு மாற்றும் உரிமையாளருக்கு 182ஏ பிரிவின்படி அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு என்பதும் ஒருபுறமிருக்க, அண்ணாமலைநகர் விடுதி மாணவரின் தூக்கமும் கணக்கில் கொள்ளத்தக்கதே.

தம்பி பார்த்துவைத்திருப்பது பிஒய் பதிவு கொண்ட 2021ஆம் ஆண்டு ஆர்சி 390 என்று கேள்வி. விற்பவர் வண்டியைச் சூடேற்றி வைப்பதற்கு முன், காலை ஆறரைக்குள் சொல்லாமல் போய், இன்ஜின் மேல் கைவைத்துக் குளிர்ந்திருப்பதை உறுதிசெய்துகொண்ட பிறகே ஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டும். டார்ச் மறக்க வேண்டாம். தடையின்மைச் சான்று கைக்கு வரும்வரை முன்பணத்துக்கு மேல் ஒரு ரூபாயும் தர வேண்டாம்.

அன்புடன்,
பெரியப்பா