புல் காய்ந்த மலையில் நடப்பது

இமயத்தின் பனிச்சரிவுகளில் பிரயாணம் செய்வோர் அபாயத்தை மேல்நோக்கித் தேடுவார்கள். 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளிலேதான் பனி பெரும்பாலும் பெயர்ந்து இறங்குமாதலால், தலைக்கு மேலுள்ள சாய்வையும் அதன்மீது படிந்த பாரத்தையும் கணித்த பிறகே அடியெடுத்து வைப்பது அவர்கள் வழக்கம். போடிநாயக்கனூரைச் சுற்றிய மலைகளில் நெடுங்காலமாக நடந்துவரும் எனக்கு, நம் பிரதேசத்தில் அந்தக் கணக்குத் தலைகீழாகிறது என்பது தெளிவாகியிருக்கிறது. மாசி, பங்குனி மாதங்களில் இங்கே அபாயம் காலடிக்குக் கீழிருந்து மேலேறி வருகிறது.

கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினரை 2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் தேதி பிற்பகலில் காட்டுத்தீ வளைத்துக்கொண்டதையும், அதில் 23 பேர் மாண்டதையும் தேனி ஜில்லாவில் மறந்தவர் இரார். அவர்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நான் முன்வரவில்லை. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் வந்தவர்களுக்கு இம்மலையின் சுபாவம் தெரிந்திருக்க நியாயமில்லை. தெரிந்தவர்கள் வாய்திறவாதிருப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

முதலில் புல்லைப் பார்க்கவேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆளுயரத்துக்கு எழும்பும் போதைப்புல்லும், இயல்பிலேயே எண்ணெய்ப்பசை கொண்ட சுக்குநாறிப்புல்லும், தை கழிவதற்குள் சத்து வற்றி, நின்ற நிலையிலேயே வைக்கோலாகிவிடுகின்றன. ஒரு தாளைப் பிடுங்கி விரலில் சுற்றிப் பார்ப்பேன். வளைந்து கொடுத்தால் ஈரம் மிச்சமிருக்கிறது, சடக்கென்று ஒடிந்தால் அன்று அந்தச் சரிவில் எனக்கு வேலையில்லை. விடியற்காலையில் செய்த இந்தச் சோதனையை நண்பகலில் நம்பலாகாது. பனித்துளி உலர்ந்து வெயில் உறைத்தபின் அதே புல் வேறு வஸ்துவாகிவிடும்.

அடுத்தது சாய்வு. சமதரையில் நிமிர்ந்து எரியும் சுவாலை, சரிவிலோ தனக்கு மேலுள்ள புல்லைத் தீண்டுமுன்பே சூடேற்றி உலர்த்திவிடுவதனால், சாய்வு 10 பாகை கூடுந்தோறும் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது ஆஸ்திரேலியத் தீயணைப்பாளர்கள் கைக்கொள்ளும் தோராயக் கணக்கு. மனிதனுக்கோ ஏற்றம் கூடக்கூட நடை தளர்கிறது. எனவே தீயைக் கண்டதும் உச்சியை நோக்கி ஓடுவது, இயற்கையாகத் தோன்றும் யோசனையாயினும், பெரும்பாலும் நாசத்துக்கே வழி. பக்கவாட்டில் விலகுவதே உசிதம். பள்ளம் கண்டு அதில் இறங்குவது இன்னும் கொடிது. நீரோடும் ஓடை வேறு. வறண்ட ஓடைப்பள்ளமோ அடுப்பங்கரைப் புகைபோக்கியைப் போல அனலை இழுத்து மேலே தள்ளிவிடும்.

காற்றைப் பற்றி எனக்குக் கற்பித்தவர் முதுவாக்குடிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர். "புகை தூரத்துல இருக்குன்னு பாக்காதீங்க தம்பி, நமக்குக் கீழ இருக்கான்னு பாருங்க" என்பார். வெயில் ஏறியதும் பள்ளத்தாக்கின் காற்று சரிவைத் தழுவி மேலெழும். பொழுது சாய்ந்தபின் அது திரும்பிக் கீழிறங்கும். ஆகவே பிற்பகலில் கீழே தெரியும் புகை, ஒரு மைல் தொலைவிலிருந்தாலும், நம்மை நோக்கிப் புறப்பட்டுவிட்டதாகவே நான் கருதுகிறேன்.

நடக்கும்போது என் மனம் ஓயாமல் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கும்: இந்த இடத்திலிருந்து எரியாத இடத்துக்கு எத்தனை நிமிஷம்? அகன்ற பாறை, தேயிலைத் தோட்டம், ஈரம் சுமந்த சோலை, எல்லாவற்றினும் மேலாக, முன்னரே எரிந்து கருகிய தரை ஆகியவைதான் அந்த இடங்கள். கருகிய நிலத்தைக் கண்டு முகம் சுளிக்கும் நகரத்து நண்பர்களிடம், புல்வெளியைவிட அதுவே மேலான துணை என்று சொல்லுவதுண்டு. கேள்விக்கு விடை நீண்டுகொண்டே போனால் திரும்பிவிடுவேன். கூட்டமாக வந்தவர்கள் வரிசை நீண்டு சிதறியிருந்தால், கடைசி ஆளின் நடையைக் கொண்டே அந்த நிமிஷங்களை எண்ணவேண்டும். உடுப்பு பருத்தியாக இருக்கட்டும். நைலான் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

இப்போது குரங்கணியிலிருந்து சம்பலாற்றுக்கு வனத்துறையே வழிகாட்டிகளுடன் ஆட்களை அழைத்துச் செல்கிறது. தீப்பருவத்தில் அதுவும் நிறுத்தப்படுகிறது. அனுமதி மறுக்கப்பட்டால், தெரிந்த ஆளைப் பிடித்துக் குறுக்குவழியில் ஏற முயலாதீர்கள். மழை ஓய்ந்து புல்லில் பசுமை நிற்கும் மார்கழியிலோ தையின் முற்பாதியிலோ வாருங்கள். அப்பொழுதும் புறப்படுமுன் வனச்சரக அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு, புல்வெளிச் சரிவுகளை உச்சிவேளைக்கு முன்பே கடந்துவிடுங்கள்.