காவிரிக்கரையில் குடியிருக்கும் பிள்ளைக்கு

குமாரபாளையத்திலோ பள்ளிபாளையத்திலோ ஆற்றோரமாக உனக்கு வீடு. இப்போதுதான் சக்கர நாற்காலிக்குப் பழகிக்கொண்டிருக்கிறாய். போலியோ காலோடு இந்தக் கரையிலேயே வயதானவன் சொல்கிறேன், கேட்டுக்கோ கண்ணு.

1. வானத்தைப் பார்த்துக்கொண்டு இருக்காதே, மேட்டூரைப் பார். கபினி அணையும் கிருஷ்ணராஜ சாகர் அணையும் நிரம்பி, மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டுவிட்டால், மேலே வருகிற தண்ணீர் பதினாறு கண் மதகு வழியாக அப்படியே நம் பக்கம் இறங்கும். 2018, 2022, 2024 என மூன்று வருடமும் இப்படித்தான் கரையோர வீடுகளுக்குள் புகுந்தது. இங்கே ஒரு சொட்டு மழை வேண்டியதில்லை. 115 அடி என்று செய்தி வந்ததுமே பையை எடுத்து வாசலில் வை. திருமணிமுத்தாற்றுப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்த அவகாசம்கூடக் கிடைக்காது. ஏற்காட்டில் பெருமழை என்றாலே அவர்கள் கிளம்பிவிட வேண்டும்.

2. ஊர் கிளம்பும்போது நீ கிளம்பாதே, ஒருநாள் முந்து. எச்சரிக்கை சொல்லும் ஒலிபெருக்கி ஆட்டோ வந்த பிறகு சந்தெல்லாம் கட்டிலும் பீரோவும்தான் நிற்கும். நாற்காலி உருள இடம் இருக்காது. தண்ணீர் வராமல் போனால், வீணாய் அலைந்தோமே என்று வீட்டார் சலித்துக்கொள்வார்கள். சலித்துக்கொள்ளட்டும்.

3. உன்னைத் தூக்க நாலு பேரைப் பழக்கு. தறிக்குப் போகிற ஊர் இது. பகல் ஷிஃப்ட்காரர் இரண்டு பேர், இரவு ஷிஃப்ட்காரர் இரண்டு பேர் என்று பார்த்துச் சொல்லி வை. கையைப் பிடித்து இழுத்தால் தோள் பிசகும், எங்கே பிடிக்க வேண்டும் என்று நீதான் காட்ட வேண்டும். வெட்கப்படாதே.

4. பையில் பத்து நாள் மாத்திரை, மருந்துச் சீட்டு, யூரின் டியூப், யூரின் பை, சார்ஜர், அடையாள அட்டை நகல். உட்காரும் குஷனை மறந்துவிடாதே.

5. உணர்ச்சி இல்லாத காலை வெள்ளத்தண்ணீரில் வைக்காதே. இதை அழுத்திச் சொல்கிறேன். கண்ணாடி கிழித்தாலும் உனக்குத் தெரியாது. சாக்கடை கலந்த தண்ணீரில் அந்தக் காயம் இரண்டே நாளில் சீழ் பிடிக்கும். நிவாரண முகாமில் வெறுந்தரையில் படுத்தாலும் இதே கதிதான். இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் வந்துவிட்டால் ஆற மாதங்கள் ஆகும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை யாராவது உன்னைப் புரட்டிவிட வேண்டும். தினமும் ஒருவர் காலையும் முதுகையும் பார்த்துச் சொல்லட்டும்.

6. முகாம் பள்ளிக்கூடத்திலா, கல்யாண மண்டபத்திலா? சாதாரண நாளிலேயே போய்க் கழிப்பறையைப் பார்த்து வா. எத்தனை படி, கதவுக்குள் நாற்காலி நுழையுமா? நுழையாது என்றால் சொந்தக்காரர் வீடே மேல். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்காதே, நம் பெண்பிள்ளைகள் நிறையப் பேர் இதைச் செய்கிறார்கள். சிறுநீர்த் தொற்று வெள்ளத்தைவிட வேகமாக ஆளைப் படுக்க வைக்கும்.

7. தெருவில் காது கேளாதவர் இருந்தால் அந்த ஒலிபெருக்கியால் அவருக்குப் பயனில்லை. செய்தி தெரிந்ததும் அவர் போனுக்கு நீ எழுதி அனுப்பு. கிளம்புகிற வேலையில் நமக்கும் பங்கு உண்டு.

8. யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, எட்டாம் பிரிவு: மாவட்டத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகளின் விவரப் பதிவேட்டை மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் வைத்திருக்க வேண்டும், ஆபத்து வரும்போது அவர்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும். அந்தப் பதிவேட்டில் உன் பெயர் இருக்கிறதா என்று கேள். நாற்காலியில் இருப்பவர், தூக்க ஆள் வேண்டும், வீடு இன்ன தெரு என்று எழுதி, கிராம நிர்வாக அலுவலரிடமும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் கொடுத்து ஒப்புகை வாங்கு. ஆட்சியர் அலுவலகக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, போனில் பதிந்துகொள்.

தென்மேற்குப் பருவமழை ஜூனில் தொடங்கிவிடும். மனுவை அதற்கு முன்பே கொடுத்துவிடு கண்ணு.