நோய் நீங்கியபின் நுரையீரல்

‘சயம்’ என்னும் சொல்லுக்குத் தேய்வு என்பது பொருள். உடலைத் தேய்த்து உயிரைக் கவர்ந்தமையால் காசநோயை நம் முன்னோர் சயரோகம் என்றனர். 1882ஆம் ஆண்டில் ஜேர்மானிய அறிஞர் றொபேட் கொக் அதன் கிருமியைக் கண்டறிந்தார். 1943இல் ஸ்ரெப்ரோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. 1952இல் ஐசோனியாசிட் வழக்கிற்கு வந்தது. இன்று, மருந்துக்கு அடங்கும் காசநோய் பெரும்பாலும் ஆறு மாத ஒழுங்கான சிகிச்சையாற் குணமாகின்றது. ஆயினும், கிருமி அழிதல் வேறு. நுரையீரல் முன்னைய நிலையை அடைதல் வேறு. இவ்வேறுபாட்டை யாவரும் அறிதல் நன்று.

கிருமியோடு உடல் நிகழ்த்தும் போரிலே நுரையீரலின் மெல்லிய இழையம் சிதைகின்றது. சிதைந்தவிடத்திற் சிலவேளை குழி உண்டாகின்றது; ஆறியவிடத்தில் தழும்பு நிலைக்கின்றது. தழும்பு சுருங்குங்கால் அயலிலுள்ள மூச்சுக் குழாய்களை இழுத்து அகலச் செய்யும். அகன்ற குழாய்களிற் சளி தேங்கும். அதிலே வேறு கிருமிகள் குடிபுகும். குழியினுள்ளே பூஞ்சணம் உருண்டையாக வளர்தலும் உண்டு. அதனால் இருமலோடு இரத்தம் வரலாம். வேறு சிலருக்கு மூச்சுக் குழாய்கள் ஒடுங்குதலால் படியேறும்போது இளைப்புத் தோன்றும். இக்குறைகள் எல்லார்க்கும் வருவன அல்ல. சிகிச்சை தொடங்கத் தாமதித்தோர்க்கும் நோய் மீண்டும் வரப்பெற்றோர்க்கும் இவை மிகுதி.

இங்கே இருவகைத் தவறுகள் நேர்கின்றன. இருமல் தொடர்ந்தவுடன், சளியைச் சோதியாமலே நோய் மீண்டதெனத் துணிந்து பழைய மருந்தையே உண்ணுதல் ஒன்று. ‘குணமடைந்தார்’ என ஏட்டில் எழுதப்பட்டமையால் இளைப்பைப் பொருட்படுத்தாது விடுதல் மற்றொன்று. எக்ஸ்-கதிர்ப் படத்திற் காணும் தழும்பு மாத்திரம் நோய் மீண்டமைக்குச் சான்றாகாது. சளியில் உயிருள்ள கிருமி உண்டா என ஆராய்தல் வேண்டும். மூச்சின் ஆற்றலையும் கருவி கொண்டு அளத்தல் வேண்டும். இரத்தம் வரின் அன்றே வைத்தியரை நாடுக. இத்துறையின் முதலாவது சர்வதேச மாநாடு தென்னாபிரிக்காவின் ஸ்டெலன்பொஸ் நகரிலே 2019இல்தான் கூடிற்று என்பது, இக்குறை எத்துணைக் காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது என்பதைப் புலப்படுத்தும்.

புகைத்தலை அறவே விடுதல், தேங்கிய சளியை வெளியேற்றும் மூச்சுப் பயிற்சி, அளவான நடை, இன்புளுவென்சாத் தடுப்பூசி ஆகியன நன்மை பயப்பன.

தழும்பு பிறரைத் தொற்றாது. கிருமி இல்லையெனச் சோதனையில் தெளிந்தபின் இருமலுக்கு அஞ்சி ஒருவரை விலக்கி வைத்தல் அறியாமையாகும். நோயினின்று மீண்ட மாணவன் ஓட்டப் பந்தயத்திற் பின்தங்கினால் அவனைச் சோம்பேறி என்று கடியற்க. அவனுடைய மூச்சைச் சோதிப்பிக்க. பிழைத்தவனை வாழவைத்தலும் வைத்தியத்தின் ஒரு பகுதியே.