எமது சுவட்டை நாமே அளப்போம்

இடம்பெயர்ந்து வந்து பிறர் ஊரில் அடுப்பு மூட்டும் எமக்கு அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. "இவையள் வந்த பிறகுதான் பற்றையெல்லாம் வெட்டையாப் போச்சுது, கிணறும் வத்திப் போச்சுது." கேட்க மனம் நோகிறது. ஆனால் நாம் உண்மையில் எவ்வளவு எடுக்கிறோம்? அளந்து பார்த்தவருக்கே பதில் சொல்லவும் திருந்தவும் முடியும்.

சுவடு என்பது என்ன?

ஒருவர் உண்ண, உடுக்க, சமைக்க எவ்வளவு நிலமும் நீரும் தேவை? அவர் விடும் கழிவையும் புகையையும் தாங்க எவ்வளவு தேவை? இந்தக் கணக்கையே சுற்றாடற் சுவடு என்பர். 1990களில் கனடாவில் வில்லியம் றீஸ், மதிஸ் வக்கர்நேகல் ஆகியோர் இம்முறையை வகுத்தனர். காரும் குளிரூட்டியும் உள்ள வீட்டின் சுவடு எமதிலும் மிகப் பெரிது. ஆனால் அது தூரத்து நிலங்களில் பரவி விழுவதால் கண்ணில் படாது. எமது சுவடு சிறிது. எனினும் அது ஒரே பற்றையிலும் ஒரே கிணற்றிலும் விழுகிறது.

அளக்கத் தேவையானவை: ஒரு தராசு, ஒரு வாளி, ஒரு கொப்பி.

1. விறகு

திங்கட்கிழமை விறகை நிறுத்து ஒரு பக்கம் அடுக்குவோம். ஒரு கிழமைக்கு அதிலிருந்து மட்டும் எரிப்போம். அடுத்த திங்கள் மிச்சத்தை நிறுப்போம்.

உதாரணம்: தொடக்கத்தில் 40 கிலோ, மிச்சம் 5 கிலோ. எரித்தது 35 கிலோ. வீட்டில் ஐவர் என்றால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 1 கிலோ. வருடத்துக்கு இக்குடும்பத்துக்கு 1,820 கிலோ. இப்படி 20 குடும்பங்கள் எரித்தால் 36 தொன்னுக்கு மேல். அயலவர் கண்ணில் படுவது இந்தத் தொகையே.

குறைக்கும் வழிகள்: ஈரவிறகின் சூட்டில் ஒரு பகுதி அதன் ஈரத்தை உலர்த்தவே போய்விடும்; ஆகவே காயவைத்து எரிப்போம். பயறு, கடலையை ஊறவைத்து, பானையை மூடிச் சமைப்போம். மூன்று கல் அடுப்பை விட இரண்டு வாயுள்ள 'அனகி' மண் அடுப்புக்கு விறகு குறைவு. காணிக்காரரிடம் கேட்டு வேலியில் சீமைக்கிளுவைக் கதியால் நடுவோம். கொப்பை மட்டும் வெட்டினால் அது மீண்டும் துளிர்க்கும்.

2. தண்ணீர்

ஒரு லீற்றர் போத்தலால் நிரப்பி, வாளி எத்தனை லீற்றர் என்று அறிவோம். அள்ளும் ஒவ்வொரு வாளிக்கும் சுவரில் ஒரு கரிக்கோடு இடுவோம். மாலையில் எண்ணிக் கொப்பியில் எழுதுவோம்.

யாழ் குடாநாட்டில் இது மிக முக்கியம். அங்கு சுண்ணாம்புக் கல்லினுள் தேங்கியுள்ள நன்னீர் முழுவதும் மழை தந்தது. அந்த மழையில் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்வது. நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது பொது விதி. மேலே ஓர் அடி இறங்கினால் கீழிருந்து உவர் பல அடி ஏறும். துலாவால் இறைத்தபோது கை களைத்து நின்றது, நீர்ப்பம்பி களைப்பதில்லை. ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஏறத்தாழ இரண்டரை கிலோ காபனீரொட்சைட்டும் காற்றில் சேரும்.

3. பசளை

குத்தகைத் துண்டில் பயிரிடுவோர் இதையும் எழுதுவோம். 50 கிலோ யூரியா மூடையில் 23 கிலோ நைதரசன் உண்டு. பயிர் எடுக்காத நைதரசன் நைத்திரேற்றாகிக் கிணற்றில் இறங்கும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருந்தால் போத்தற் பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு ஆபத்து. கொதிக்கவைத்தால் அது போகாது, செறிவு கூடும். ஆகவே சிறிது சிறிதாக, பயிரின் தேவைக்கு மட்டும் இடுவோம்.

ஏதேன் தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் கடவுள் மனிதனை வைத்தார் என்று தொடக்கநூல் சொல்கிறது. அத்தோட்டம் அவனது சொந்தக் காணி அல்ல. நாம் இன்று நிற்கும் காணியும் எமதல்ல. காக்கும் கடமை மட்டும் எமது.

கலந்துரையாட:

- இந்தக் கிழமை எமது வீட்டில் எத்தனை கிலோ விறகு, எத்தனை வாளி நீர்?
- எதை முதலில் குறைக்கலாம்?
- இக்கணக்கோடு அயலவரை எப்போது சந்திப்போம்?