ஆடவர் அறிய வேண்டிய ஒரு நோய்

எமக்கு நன்கு தெரிந்த நெசவாளர் ஒருவர். வயது அறுபத்து நான்கு. இரவில் நாலைந்து முறை சிறுநீர் கழிக்க எழுந்து கொண்டிருந்தார். "வயதானால் எல்லோருக்கும் உள்ளதுதானே" என்று இரண்டாண்டுகள் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. இடுப்பு வலி மிகுந்து, தறிக் குழியில் இறங்கி உட்கார முடியாமற் போன பிறகே மருத்துவரிடம் சென்றார். புராஸ்டேட் சுரப்பியில் தோன்றிய புற்றுநோய் முதுகெலும்பு வரை பரவியிருந்தது. அவருடைய தம்பி எம்மிடம் வந்து கேட்டார்: "எனக்கும் வருமா? வராமல் இருக்க நான் என்ன செய்ய வேண்டும்?"

இக்கேள்விக்கு உரிய விடையை அங்கத்தினர் யாவரும் அறிந்திருத்தல் நலம். வெட்கத்தால் இதைப் பற்றிப் பேசாதவர் பலர். பேசுகிறவர்களோ பெரும்பாலும் தவறான செய்தியையே பேசுகின்றனர்.

புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டுமே உள்ள சுரப்பி. பெரிய நெல்லிக்காயின் அளவில், சிறுநீர்ப் பைக்குக் கீழே, சிறுநீர் வெளிவரும் குழாயைச் சுற்றி அமைந்துள்ளது. விந்துவோடு கலக்கும் நீரைச் சுரப்பது இதன் தொழில். வயது ஏறும்போது பெரும்பாலோர்க்கு இது பருக்கும். குழாய் நெருக்குண்டு சிறுநீர் தடைப்படும். இவ்வீக்கம் புற்றுநோயன்று, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. ஆயினும் இரண்டும் ஏறத்தாழ ஒரே வயதில் வருகின்றன. புற்றுநோயோ தொடக்கத்தில் எவ்வித அறிகுறியும் காட்டாமலே இருக்கக் கூடியது. ஆகவே, நமக்கு வந்திருப்பது இன்னதென்று நாமே தீர்மானித்துக் கொள்வது ஆபத்தாகும். 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 14 லட்சத்து 60 ஆயிரம் பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 4 லட்சம் பேர் இதனால் மாண்டனர்.

இந்நோய்க்குக் காரணமாகக் கருதப்படுபவற்றுள் மிக வலியவை நம்மால் மாற்ற முடியாதவை. முதலாவது வயது. நாற்பதுக்கு முன் இது மிக அரிது. ஐம்பதுக்குப் பின் ஆண்டுதோறும் ஏறிச் செல்கிறது. அடுத்தது குடும்பம். தந்தைக்கோ உடன்பிறந்தானுக்கோ இந்நோய் இருந்தால், ஒருவனுக்கு அது வரும் வாய்ப்பு மற்றவரைப் போல் இரு மடங்குக்கு மேலாகிறது. இதில் பலரும் அறியாத ஒரு செய்தி உண்டு. தாய்வழிப் பெண்டிருக்கு இளவயதில் மார்பகப் புற்றுநோயோ சூலகப் புற்றுநோயோ வந்திருப்பின் அதுவும் ஆண் மக்களுக்கு ஓர் எச்சரிக்கையே. அந்நோய்களுக்கு ஏதுவான சில மரபுக் கூறுகள் புராஸ்டேட் புற்றுநோய்க்கும் ஏதுவாகின்றன. ஆப்பிரிக்க வழித்தோன்றல்களிடையே இந்நோய் மிகுதி. ஆசிய நாட்டவரிடையே குறைவு. அதனால் நமக்கு இல்லை என்று இருந்துவிடலாகாது. ஜப்பானிலிருந்து அமெரிக்காவில் குடியேறியவர்களிடம் இந்நோய், தாய்நாட்டில் இருந்தவர்களைவிட மிகுந்து காணப்பட்டது. அங்கே சோதனை மிகுதி என்பது ஒரு காரணம்; வாழ்க்கை முறை மாறியது மற்றொன்று.

இனி, மாற்றக் கூடியவை யாவை? முதலில் காசைக் கரியாக்கும் வழியைச் சொல்லிவிடுவோம். புராஸ்டேட்டைக் காக்கும் என்று மாத்திரைப் புட்டிகள் விற்போர் பெருகிவிட்டனர். வைட்டமின் ஈ என்னும் சத்தும் செலினியம் என்னும் தாதுவும் இந்நோயைத் தடுக்கும் என்று ஒரு காலத்தில் விஞ்ஞானிகளே எண்ணினர். அதனைச் சோதித்துப் பார்க்க, 2001ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 35,533 ஆடவரைச் சேர்த்துப் பெரியதோர் ஆய்வைத் தொடங்கினர். சிலருக்கு வைட்டமின் ஈ, சிலருக்குச் செலினியம், சிலருக்கு இரண்டும், எஞ்சியோர்க்கு மருந்தற்ற வெறும் மாத்திரை. யாருக்கு எது என்பது உண்பவருக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது. பயன் ஏதும் இல்லை என்று கண்டு 2008இல் மாத்திரைகளை நிறுத்தினர். நிறுத்திய பின்னும் அவர்களைக் கவனித்து வந்து, 2011இல் வெளியிட்ட முடிவு யாவரையும் திடுக்கிடச் செய்தது. வைட்டமின் ஈ மட்டும் உண்டவர்களிடையே இந்நோய் 17 சதவிகிதம் மிகுந்திருந்தது! தடுப்பு மருந்து என்று எண்ணி உண்டது எதிராக முடிந்தது. தக்காளியைப் பற்றியும் இத்தகைய பேச்சு உண்டு. குழம்புக்குத் தக்காளி நல்லது. மருந்தென்று கருதி உண்பதற்குப் போதிய சான்று இல்லை.

பயிர்த்தொழில் செய்வோர் கருத்தூன்ற வேண்டியது பூச்சிமருந்து. கரிபியக் கடலில் குவாதலூப், மார்த்தினிக் என்னும் இரு தீவுகள் பிரான்சைச் சேர்ந்தவை. வாழைதான் அங்கே பெரும் பயிர். வாழைக் கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டை ஒழிக்க குளோர்டெக்கோன் என்னும் மருந்தை இருபதாண்டுகளாக மண்ணில் இட்டு வந்தனர். இதைத் தயாரித்த அமெரிக்கத் தொழிற்சாலையில் தொழிலாளர் நஞ்சுற்றதால் 1975இலேயே அங்கே உற்பத்தி நின்றது. பிரான்சு 1990இல் தடை விதித்தது. தீவுகளிலோ 1993 வரை விலக்களித்தனர். அம்மருந்து எளிதில் சிதைவதில்லை. இன்றும் அந்த மண்ணில் இருக்கிறது. அதில் விளையும் சேப்பங்கிழங்கு, சர்க்கரைவள்ளி முதலியவற்றில் ஏறுகிறது. அங்குள்ள வயது வந்தோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இரத்தத்தில் காணப்பட்டது. 2010இல் வெளியான குவாதலூப் ஆய்வில், இரத்தத்தில் இம்மருந்து மிகுந்திருந்தவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்காக இருந்தது. பூச்சிமருந்தோடு பழகிய பண்ணைத் தொழிலாளருக்கு வரும் புராஸ்டேட் புற்றுநோயைத் தொழில்வழி நோயாக ஏற்று, 2021 டிசம்பரில் பிரெஞ்சு அரசு ஆணை பிறப்பித்தது.

அது நம்மிடம் புழங்கும் மருந்தன்றே எனலாம். ஆனால் அமெரிக்காவின் அயோவா, வட கரோலினா மாநிலங்களில் மருந்து தெளிப்போரை 1993 முதல் தொடர்ந்து கவனித்த ஆய்விலும், பொதுமக்களைவிட அவர்களுக்கு இந்நோய் சற்று மிகுதியென்று தெரிந்தது. கடுமையான வகையோடு தொடர்புடையனவாக 2013இல் அவர்கள் குறித்த நான்கு மருந்துகளில் மாலத்தியானும் ஒன்று. அப்பெயர் நம் உழவர்களுக்குப் புதிதன்று. தொடர்பு என்பது முடிந்த தீர்ப்பன்று. எனினும் வெறுங்கையால் மருந்தைக் கலக்குவதும், காற்றுக்கு எதிரே நின்று தெளிப்பதும், தெளிப்பானை முதுகில் வைத்துக்கொண்டே வெற்றிலை போடுவதும் எந்த ஆய்வும் இல்லாமலே தவறென்று விளங்கும். கையுறையும் முழுக்கைச் சட்டையும் அணிக; முடிந்தவுடன் குளிக்க; அந்தத் துணியை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்கலாகாது. தேவைக்கு மேல் ஒரு முறைகூடத் தெளிக்காதிருப்பதே எல்லாவற்றினும் சிறந்தது.

நெசவாளர் சிலர் சாயத்தைப் பற்றிக் கேட்பதுண்டு. பென்சிடின் கொண்டு செய்த பழைய சாயங்களால் விளைவதென்று உறுதியானது சிறுநீர்ப் பைப் புற்றுநோய், அது வேறு. ஆயினும் சிறுநீரில் இரத்தம் ஒரு முறை கண்டாலும், வலி இல்லாவிட்டாலும், மருத்துவரைக் காண வேண்டும்.

பீடி, சிகரெட்டைப் பொறுத்தவரை, நோய் வருவதைவிட வந்த பின் உயிரைக் கொள்வதிலேயே அவற்றின் கொடுமை தெரிகிறது. இந்நோயுள்ள 5,366 பேரை ஆராய்ந்து 2011இல் வெளியிட்டதில், புகைப்போர் இந்நோயால் மாளும் வாய்ப்பு புகைக்காதோரைவிட 61 சதவிகிதம் அதிகம் என்று கண்டனர். விட்டுப் பத்தாண்டு ஆனவர்களோ புகைக்காதவரை ஒத்திருந்தனர். பருத்த உடலும் முற்றிய நிலை நோய்க்கு இடந்தரும். நாள் முழுதும் தறியில் கையும் காலும் இயங்கினாலும், மாலையில் விரைந்து ஒரு மணி நேரம் நடப்பது வேண்டாததன்று.

பி.எஸ்.ஏ. என்னும் இரத்தச் சோதனை நோயைத் தடுப்பதில்லை. முன்கூட்டிக் கண்டறிய உதவும். ஐரோப்பாவில் 1,62,000 ஆடவரை 23 ஆண்டுகள் கவனித்து 2025இல் வெளியிட்ட முடிவின்படி, சோதனைக்கு அழைக்கப்பட்டோரிடம் இந்நோயால் நேர்ந்த மரணம் 13 சதவிகிதம் குறைவு. இதற்கு மறுபுறமும் உண்டு. ஆயுள் முழுதும் தீங்கு செய்யாத மெதுவான நோயையும் இச்சோதனை காட்டிக் கொடுத்துவிடும். அதற்கும் அறுவை செய்து, சிறுநீர் அடங்காமலும் ஆண்மை குன்றியும் துன்புறுவோர் உளர். அத்தகைய நோயைச் சிகிச்சையின்றிக் கண்காணித்து வரலாம் என்பதே இன்றைய மருத்துவர் கொள்கை. ஆதலால் 55 முதல் 69 வயதுள்ளோர் மருத்துவரோடு கலந்து பேசி முடிவு செய்வது முறை. தந்தைக்கோ உடன்பிறந்தானுக்கோ நோய் இருந்தவர், 45 வயதிலேயே அப்பேச்சைத் தொடங்க வேண்டும்.

அந்தத் தம்பிக்கு ஐம்பத்தெட்டு வயது. தமையனாரின் நோயை மருத்துவரிடம் மறைக்காமல் கூறிச் சோதித்துக் கொண்டார். இவ்வாண்டு குறையொன்றும் இல்லை. பீடியை விட்டு நான்கு மாதங்கள் ஆயின என்றார். தமையனாருக்கு இரு குமாரர்கள். மூத்தவருக்கு நாற்பத்து மூன்று, வெளியூரில் வேலை. தந்தைக்கு என்ன நோய் என்பதே அவர்களுக்கு இன்னும் சரியாகச் சொல்லப்படவில்லை. பொங்கலுக்கு வரும்போது தாமே சொல்லிவிடுவதாகச் சிற்றப்பா ஏற்றிருக்கிறார்.